கொண்டைக்குள் உறங்கிய பன்றி

முதல் பார்வையில் அதைக் காய்ந்த எலுமிச்சம்பழம் என்றுதான் நினைத்தேன். குவைத்தின் ஃபஹாஹீல் கடைத்தெருவில் சாக்குச் சாக்காகக் குவித்து விற்பார்களே, கறிக்குப் போடுகிற, பழுப்பேறிச் சுருங்கிய எலுமிச்சை, அதே அளவு, ஏறத்தாழ அதே நிறம். எங்கள் ஆபீஸின் ஜப்பானிய சீஃப் தன் கால்சட்டைப் பையிலிருந்து அதை எடுத்து, ஏசிக் காற்றில் படபடத்துக்கொண்டிருந்த ஒரு வரைபடத்தின் மூலையில் பாரமாக வைத்தார். நான் குனிந்து பார்த்தேன். மரத்தில் செதுக்கிய ஒரு காட்டுப்பன்றி. நான்கு கால்களையும் மடக்கி, மூக்கைச் சருகுகளுக்குள் புதைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. முதுகு மயிர் ஒவ்வொன்றும் தனித்தனிக் கீறலாகத் தெரிந்தது. தலைமுறை தலைமுறையாகக் கைகள் தடவித் தடவி முதுகின் நடுப்பகுதியில் மட்டும் அந்தக் கீறல்கள் மழுங்கி, எண்ணெய் பூசியதுபோல் மினுங்கின. வயிற்றுப் பக்கம் இரண்டு துளைகள். அவற்றுக்கு நடுவே செய்தவரின் பெயர், இரண்டே எழுத்து.

"நெட்சுகே" என்றார் சீஃப். அவருடைய ஆங்கிலம் சிக்கனமானது. பாதி வார்த்தையாலும் பாதி பென்சிலாலும் பேசுவார். வரைபடத்தின் ஓரத்திலேயே கிமோனோ அணிந்த ஒருவரை வரைந்து, அந்த உடைக்குப் பை கிடையாது, புகையிலைப் பையை ஒரு கயிற்றில் கட்டி இடுப்புப்பட்டிக்குள் நுழைத்துத் தொங்கவிடுவார்கள், கயிறு நழுவாமல் மேலே நின்று தாங்குவது இது என்று விளக்கினார். தாத்தாவுடையது. அவருக்கும் முன்னால் யாருடையதோ. பன்னிரண்டு விலங்குகளின் பெயரால் வரும் தங்கள் ஆண்டுகளில் தான் பன்றி ஆண்டில் பிறந்தவன் என்பதால் அப்பா இதைத் தனக்குக் கொடுத்தார் என்றார். எங்கள் ஊரிலும் குழந்தைகளுக்கு இடுப்பில் அரைஞாண் கட்டி அதில் தாயத்து கோர்ப்போம் என்று சொன்னேன். உடனே குறிப்பேட்டை எடுத்து "அரைஞாண்" என்று ஜப்பானிய எழுத்தில் எழுதிக்கொண்டார்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. ஃபஹாஹீலுக்குத் தெற்கே கட்டப்பட்டுக்கொண்டிருந்த ஓர் ஆலையில், ஒரு ஜப்பானிய கம்பெனியின் சைட் ஆபீஸில் நான் டாக்குமென்ட் கன்ட்ரோலர். பெயர்தான் பெரிது. வரைபடங்களுக்கு எண் போட்டு அடுக்குவதும், கேட்டபோது எடுத்துக் கொடுப்பதும் வேலை. திருச்சியில் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு வந்தவன். திருமணமாகி ஒரு வருடத்தில் மனைவியையும் அழைத்துக்கொண்டேன். கம்பெனி வாடகைக்கு எடுத்திருந்த நான்கு மாடிக் கட்டடத்தில் எங்களுக்கு மூன்றாவது மாடி. எங்கள் தலைக்கு மேலே சீஃப். இன்ஸ்பெக்ஷன் பிரிவின் தலைமைப் பொறியாளர் என்பதால் எல்லோருக்கும் அவர் சீஃப். ஐம்பது வயது. வயதான தாயாரைப் பார்த்துக்கொள்வதற்காக மனைவி ஒசாகா பக்கத்திலேயே தங்கிவிட, இவர் மட்டும் இங்கே. அவருக்குச் சமைத்துத் துவைத்து வீட்டைப் பார்த்துக்கொண்டவள்தான் நான் இங்கே சொல்ல வந்த அக்கா.

அக்கா இலங்கையின் மலையகத்துக்காரி. ஹட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். கணவர் இறந்தபின் இரண்டு பெண்பிள்ளைகளைத் தன் அம்மாவிடம் விட்டுவிட்டுக் குவைத் வந்தவள். நாற்பதை ஒட்டிய வயது, ஒடிசலான உடம்பு, அந்த உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத கனத்த கூந்தல். அதை முறுக்கிப் பின்கழுத்தில் தேங்காய் அளவுக்குக் கொண்டை போட்டிருப்பாள். படியில் தமிழ்ப் பேச்சுக் கேட்டு அவளே எங்கள் கதவைத் தட்டியவள். "நீங்க தமிழா? நானும் தமிழ்தான் தங்கச்சி" என்று என் மனைவியிடம் சொன்னது அவளுடைய முதல் வாக்கியம். அன்றிலிருந்து எங்களுக்கு அவள் அக்கா. நாங்கள் அப்படிக் கூப்பிடுவதைக் கேட்டு, அதுதான் அவள் பெயர் என்று எண்ணிக்கொண்ட சீஃப், அதோடு தன் ஊர் மரியாதையையும் சேர்த்து "அக்கா-சான்" என்று கூப்பிட ஆரம்பித்தார். அவள் அவரைத் துரை என்பாள். தோட்டத்தில் வெள்ளைக்கார மேனேஜரைச் சொல்லிப் பழகிய சொல். அவள் வாயில் அது "தொரை".

ஒரு வெள்ளிக்கிழமை சீஃப் எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார். மேஜையில் நான்கு தட்டு. நாங்கள் மூன்று பேர்தானே என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் நாற்காலியை இழுத்து, "அக்கா-சான், ப்ளீஸ்" என்றார். அவள் வெட்கப்படாமல் வந்து உட்கார்ந்தாள். மீன், ஒட்டும் பதத்தில் வேகவைத்த சோறு, அவளுடைய தேங்காய்ச் சம்பல், எல்லாம் ஒரே மேஜையில். திரும்பும்போது படியில் வந்து நின்று என் மனைவியிடம் சொன்னாள்: "எங்கப்பா தொரை வர்றதப் பாத்தா ரோட்ட விட்டு கீழ எறங்கி நிப்பாரு தங்கச்சி. செருப்பக் கழட்டிக் கையில வச்சுக்குவாரு. இந்தத் தொரை எனக்குத் தட்டு எடுத்து வைக்கிறாரு. மொத நாளு எனக்குச் சோறே எறங்கல."

ஆகஸ்ட் மாதம் ஒரு காலையில் மேலேயிருந்து ஏதோ கனமாக விழுந்த சத்தம் கேட்டது. அடுத்த நொடி அக்கா படியில் ஓடி வந்தாள். நான் போனபோது சீஃப் சமையலறைத் தரையில் கிடந்தார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. வலது கை அசையவில்லை. இடது கை மட்டும் கால்சட்டையின் வலப்பக்கப் பையைத் தேடி வயிற்றின் மேல் தடவித் தடவி வந்துகொண்டிருந்தது. எனக்குப் புரியவில்லை, அக்காவுக்குப் புரிந்தது. பைக்குள் கையை விட்டுப் பன்றியை எடுத்து அவருடைய இடது உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள். ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் அதை விடவில்லை. அக்காவும் கூடவே ஏறிக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் ஊசி போடுவதற்காக நர்ஸ் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, உள்ளே இருந்ததை எடுத்து, பக்கத்தில் நின்ற அக்காவின் கையில் கொடுத்திருக்கிறாள். இது எனக்கு அப்போது தெரியாது.

அதற்குப் பிறகு அக்காவை உள்ளே விடவில்லை. குடும்பத்தவர் மட்டும் என்றார்கள். தினமும் ஒரு டாக்ஸியில் போய், வராந்தாவில் நின்றுவிட்டுத் திரும்பி வருவாள். இரண்டு வாரம் கழித்து, பேச்சு வராத நிலையிலேயே, ஒரு டாக்டரைத் துணைக்கு வைத்து, சீஃபை ஸ்ட்ரெச்சரோடு விமானத்தில் ஏற்றி ஜப்பானுக்கு அனுப்பினார்கள். போய்விட்டார் என்ற செய்தி அக்காவுக்கு மறுநாள்தான் தெரிந்தது.

வீட்டைக் காலி செய்யும் பொறுப்பு அட்மின் மேனேஜருடையது. அவர் எந்த ஊர்க்காரர் என்பது இங்கே தேவையில்லை. நன்றாக உடுத்துவார், எல்லோரையும் "மை ஃபிரெண்ட்" என்பார். இரண்டு ஆட்களோடு வந்து பெட்டி கட்டினார். சீஃபின் மனைவியிடமிருந்து டெலக்ஸில் ஒரு பட்டியல் வந்திருந்தது. அதில் பத்துப் பதினைந்து பொருள்கள். கடைசிப் பொருள்: மரத்தில் செதுக்கிய சிறிய காட்டுப்பன்றி, எப்போதும் அவருடைய சட்டைப்பையிலோ கால்சட்டைப்பையிலோ இருக்கும், மிகப் பழையது, தயவுசெய்து தேடிப்பாருங்கள். தேடினார்கள், இல்லை. யாரிடம் இருக்கக்கூடும் என்று அவர்கள் அதிக நேரம் யோசிக்கவில்லை.

மறுநாள் அட்மின் அறைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். அக்கா ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தாள். சமையலறை அளவுக்கு ஆங்கிலமும் அரபியும் அவளுக்கு வரும். ஆனால் இது எழுதிக் கையெழுத்து வாங்கும் விஷயம் என்பதால் ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றார் மேனேஜர். கேள்வி சின்னது. அந்த மரப்பொம்மை அவளிடம் இருக்கிறதா, ஆமா இல்லையா?

நான் தமிழில் கேட்டேன். அக்கா மேனேஜரைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்து, அவளுடைய வழக்கமான குரலில், விலைவாசி சொல்வதுபோலச் சொன்னாள்: "இருக்கு தம்பி. எங்கிட்டதான் இருக்கு. ஆனா இவருகிட்டக் குடுக்க மாட்டேன். தொரையோட கேமராவ இவரு பேப்பர்ல சுத்தித் தன் பையில வச்சத நான் என் கண்ணால பாத்தேன். அந்தச் சின்ன ரேடியோவும் பெட்டிக்குள்ள போகல. இதையும் குடுத்தா தொரைக்குப் போய்ச் சேராது. அவரு கையிலருந்து எடுத்தது, அவரு கைக்குத்தான் போகணும்."

இவ்வளவையும் அவள் சொல்லி முடிக்கும்வரை மேனேஜர் பேனாவை மேஜையில் தட்டிக்கொண்டிருந்தார். "என்ன சொல்கிறாள்?"

எனக்கு அப்போது முப்பத்தொரு வயது. என் பாஸ்போர்ட்டும் அவருடைய அறையிலிருந்த இரும்பு அலமாரியில்தான் இருந்தது. அவள் சொன்னதை அப்படியே மொழிபெயர்த்தால் அவள் நிலை என்ன, அவர் நிலை என்ன, என் நிலை என்ன என்று கணக்குப் போட்டுப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தேன் என்று எழுத ஆசைதான். அப்படி எதுவும் நடக்கவில்லை. வாய் தானாகச் சொன்னது: "அவள் அதைப் பார்க்கவே இல்லையாம், சார்."

"இத்தனை நேரம் பேசினாளே?"

"சீஃப் நல்லவர் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்."

அதையே ஸ்டேட்மென்டாக நான் தட்டச்சு செய்தேன். அக்கா தன் பெயரைத் தமிழில் எழுதிக் கையெழுத்திட்டாள். கீழே சாட்சி என்று என் கையெழுத்து. அதன்பின் அவளுடைய அறையைச் சோதித்தார்கள். அரிசி டப்பாவைக்கூடக் கவிழ்த்துப் பார்த்தார்கள். கம்பெனி கிளினிக்கின் நர்ஸ் ஒருத்தி அவளைத் தனியே அழைத்துப் போய் உடுப்பைச் சோதித்தாள். எதுவும் கிடைக்கவில்லை. கிடைக்காததால் அவளை விட்டுவிடவும் இல்லை. சந்தேகத்துக்குரியவள், மீண்டும் வேலைக்கு எடுக்கத் தக்கவள் அல்ல என்று கோப்பில் எழுதி, விசாவை ரத்து செய்து, ஊருக்கு டிக்கெட் போட்டுவிட்டார்கள். புதிதாக வரப்போகும் இன்ஸ்பெக்ஷன் பொறியாளர் வீட்டுக்கு அவளை மாற்றுவதாக முன்பு ஒரு பேச்சு இருந்தது. அது போயிற்று.

கிளம்பும் நாளன்று பிற்பகல் எங்கள் வீட்டுக்கு வந்தாள். நீல நிறத்தில் ஒரு சேலை கட்டியிருந்தாள். அவளைச் சேலையில் நாங்கள் பார்த்ததே இல்லை. நேரே சமையலறைக்குப் போய்த் தரையில் உட்கார்ந்து கொண்டையை அவிழ்த்தாள். கூந்தல் சரிந்து விழ, உள்ளே கறுப்பு நூலில் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது பன்றி. வயிற்றுத் துளைகளில் நூலைக் கோர்த்து முடியோடு சேர்த்து முடிந்திருந்தாள். மூன்று வாரம் அவள் அதோடுதான் தூங்கியிருக்கிறாள், நடந்திருக்கிறாள், மேனேஜர் முன்னால் நின்று பேசியிருக்கிறாள். என் மனைவி வாயில் கையை வைத்துக்கொண்டாள். நான் கத்தரிக்கோல் கொண்டு வந்து நூலை வெட்டினேன்.

"ஏர்போட்டுல தலையக் கலைக்கச் சொன்னா மாட்டிக்குவேன். நான் மாட்டினாலும் பரவால்ல, இது போயிரும்" என்றாள். "நீங்களே எப்படியாச்சும் அனுப்பிருங்க தம்பி."

"என்னை நம்பித் தர்றீங்களேக்கா" என்றேன். எதையாவது சொல்லவேண்டுமே என்று சொன்னதுதான்.

"நம்பிக்கையெல்லாம் இல்ல. அன்னிக்கு நீங்க எனக்காகப் பொய் சொன்னீங்க. இனிமே ஒங்களுக்கும் இதுல பங்கு இருக்கு" என்று சொல்லிவிட்டு, என் மனைவியிடம் சீப்பு வாங்கித் தலையை வாரினாள்.

பன்றி எங்கள் வீட்டில் நான்கு மாதத்துக்கு மேல் இருந்தது. அந்த நாட்டில் ஒரு பன்றிப் பொம்மையை வீட்டில் வைத்திருப்பது தவறு என்று எங்கும் எழுதியிருந்ததாக எனக்குத் தெரியாது. ஆனாலும் யாராவது கதவைத் தட்டினால் முதலில் அதைத்தான் மறைப்பேன். என் மனைவிக்கு அந்தப் பயம் இரண்டு நாளில் போய்விட்டது. சாமி படங்கள் வைத்திருந்த அலமாரிக்குள், பெருமாளுக்குப் பக்கத்தில் அதை வைத்துவிட்டாள். "வராக மூர்த்தி. யாராவது கேட்டா சொல்லிக்கலாம்" என்றாள். விளையாட்டாகச் சொன்னவள், ஒரு வெள்ளிக்கிழமை அதன் நெற்றியில் குங்குமமும் வைத்துவிட்டாள். நான் கோபித்துக்கொண்டேன். ஈரத் துணியால் துடைத்தும் கீறல்களுக்குள் புகுந்த சிவப்பு முழுவதும் போகவில்லை.

ஏன் உடனே அனுப்பவில்லை என்று கேட்டால், தபாலை நம்ப முடியாது, கொடுத்தனுப்ப ஆள் இல்லை என்று அப்போது சொல்லிக்கொண்டேன். ஆள் இருந்தார்கள். ஜப்பானியர்கள் மாதம் ஒருவராவது லீவில் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களில் யாரிடம் கொடுத்தாலும் "இது உன்னிடம் எப்படி வந்தது?" என்று ஒரு கேள்வி வரும். பதில் என் கையெழுத்துப் போட்ட ஸ்டேட்மென்டில் போய் முட்டும். ஜனவரியில், மழை பெய்து குளிர் ஏறிய ஒரு நாள், இதையெல்லாம் நான் மீண்டும் ஒருமுறை மனைவிக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தாமல் சொன்னாள்: "அந்த அக்கா தலையில சுமந்தாங்க. நீங்க ஒரு பேப்பர்ல எழுதறதுக்கே பயப்படறீங்க."

அன்றே எழுதினேன். சீஃபின் வீட்டு முகவரி என் கோப்புகளில் இருந்தது. அவர் மனைவிக்கு ஆங்கிலத்தில் மூன்று பக்கம். சமையலறைத் தரை, அவர் தேடிய பை, ஆஸ்பத்திரி, கொண்டை, நான் சொன்ன பொய், எல்லாம். கேமராவையும் ரேடியோவையும் பற்றி அக்கா சொன்னதையும் எழுதினேன். பன்றி பத்திரமாக இருக்கிறது, யாரிடம் கொடுக்கட்டும் என்று கேட்டிருந்தேன். ஆபீஸ் தபாலில் போடாமல் ஃபஹாஹீல் தபால் நிலையத்துக்கு நடந்துபோய்ப் போட்டேன். பதிலும் என் தபால் பெட்டிக்கே வரும் என்று எண்ணியிருந்தேன்.

அந்த அம்மையாருக்கு அவ்வளவு பொறுமை இல்லை. மூன்று வாரத்தில் டெலக்ஸ் வந்தது, கம்பெனிக்கு. என் பெயரைக் குறிப்பிட்டு, பன்றியைப் பாதுகாத்து வைத்திருப்பதற்காக மனமார்ந்த நன்றி, யாரேனும் வரும்போது கொடுத்தனுப்பவும், என் கணவர் நாள்தோறும் தன் பையைத் தேடுகிறார். டெலக்ஸ் ஆபரேட்டர் வழக்கம்போல அதைக் கிழித்து அட்மின் மேனேஜரின் மேஜையில் வைத்துவிட்டான்.

அரை மணி நேரத்தில் நான் புராஜெக்ட் மேனேஜரின் அறையில் நின்றேன். அவரும் ஜப்பானியர், சீஃபைவிட மூத்தவர், அதிகம் பேசாதவர். அட்மின் மேனேஜர் பக்கத்தில் நின்று, அக்கா கையெழுத்திட்ட ஸ்டேட்மென்டை மேஜைமேல் விரித்து வைத்திருந்தார். "இது பொய்யா?" என்று புராஜெக்ட் மேனேஜர் கேட்டார். "ஆமாம்" என்றேன். "ஏன்?"

"உண்மையைச் சொல்லியிருந்தால் அந்தப் பொருளை இவரிடம் கொடுக்க வேண்டி வந்திருக்கும். அந்தப் பெண்ணுக்கு இவர்மேல் நம்பிக்கை இல்லை." அதோடு விடாமல், "எனக்கும் இல்லை" என்றேன்.

அட்மின் மேனேஜர் உரக்க ஏதேதோ சொன்னார். புராஜெக்ட் மேனேஜர் அவரைப் பார்க்கவில்லை. பன்றியை எடுத்து வரச் சொன்னார். கம்பெனி வண்டியில் வீட்டுக்குப் போய், சாமி அலமாரியைத் திறந்து எடுத்து வந்தேன். இரண்டு கைகளாலும் வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நெற்றியில் இருந்த சிவப்பை விரலால் தொட்டு, இது என்ன என்று கேட்டார். என் மனைவி அதைச் சாமிக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள் என்று சொன்னேன். தன் கைக்குட்டையில் சுற்றிக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு, அடுத்த மாதம் ஹெட் ஆபீஸ் போகும்போது தானே கொண்டுபோவதாகச் சொன்னார். அவ்வளவுதான் விசாரணை. கேமரா பற்றிப் பிறகு யாராவது கேட்டார்களா என்பது எனக்குத் தெரியாது. அட்மின் மேனேஜர் தன் நாற்காலியிலேயே இருந்தார். மார்ச் முடிவில் என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. காரணம் கேட்டேன். வேலை குறைந்துவிட்டது என்றார்கள்.

சில மாதம் திருச்சியில் இருந்துவிட்டு துபாயில் வேறு வேலைக்குப் போனேன். அல் குசைஸில் வீடு. அங்கே, திருச்சி முகவரி வெட்டப்பட்டு மறுமுகவரி எழுதப்பட்ட ஒரு தடித்த உறை வந்தது. சீஃபின் மனைவியிடமிருந்து. உள்ளே இரண்டு புகைப்படங்கள், ஒரே படத்தின் இரண்டு பிரதிகள். பிரம்பு நாற்காலியில் சீஃப், பாதியாக இளைத்து. இடது கை மடியில் மூடியிருந்தது. விரல் இடுக்கில் பழுப்பாக ஏதோ தெரிந்தது. அவருக்கு இன்னும் பேச்சு வரவில்லை என்று எழுதியிருந்தார். "அக்கா-சான்" என்று தான் சொன்னதும் அவர் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்ததாகவும் எழுதியிருந்தார். ஒரு படம் உங்களுக்கு, ஒரு படம் அக்கா-சானுக்கு, முகவரி தெரிந்தால் அனுப்புங்கள்.

அக்கா பேச்சுவாக்கில் சொல்லியிருந்த தோட்டத்தின் பெயரும் அதற்குள் அவள் இருக்கும் பிரிவின் பெயரும் மட்டுமே எனக்குத் தெரியும். அவற்றை எழுதி, ஹட்டன் என்று போட்டு அனுப்பினேன். பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஐந்தாறு மாதம் கழித்து, கோடு போட்ட நோட்டுத் தாளில், பள்ளிக்கூடக் கையெழுத்தில் வந்தது. மூத்த மகள் எழுதியிருந்தாள், அம்மா சொல்லச் சொல்ல. படம் கிடைத்தது, தொரை ரொம்ப மெலிந்துவிட்டார், சோற்றைக் குழைய வேகவைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள், மீனில் முள் பார்க்கச் சொல்லுங்கள். தான் மறுபடி கொழுந்து பறிக்கப் போவதாகவும், தங்கச்சி எப்படி இருக்கிறாள் என்றும். கடைசியில் இப்படி இருந்தது: "தம்பி, எங்க பக்கத்துத் தோட்டத்துப் பொம்பள ஒருத்தி குவைத்துல வேல செய்யிறா. நான் களவெடுத்ததுனாலதான் என்னைய அனுப்பிட்டாங்கன்னு அவ வீட்டுக்கு எழுதிட்டா. பெரியவளுக்கு வந்த சம்பந்தம் அதோட நின்னு போச்சு. அங்க எழுதி வச்ச பேரு இப்ப அழிஞ்சிருச்சா? பொருள் போய்ச் சேந்திருச்சுல்ல?"

இத்தனை நாளும் இந்த விஷயத்தில் நான் ஒரு தைரியசாலி என்று எனக்குள் ஓர் எண்ணம் வளர்ந்திருந்தது. வேலையை இழந்தவன் அல்லவா? ஆனால் புராஜெக்ட் மேனேஜர் முன்னால் நின்று என் பொய்க்கு நான் காரணம் சொன்னேனே தவிர, அவளைப் பற்றி எழுதியிருக்கும் வரியை அடித்துவிடுங்கள் என்று கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று தோன்றக்கூட இல்லை. அன்று ஒரே ஒரு வாக்கியம் போதுமாயிருந்திருக்கும். பொருளுக்குப் பங்காளியாக இருந்தேன், அவளுடைய பெயருக்கு இல்லை.

இந்தமுறை நாளைக் கடத்தவில்லை. சீஃபின் மனைவிக்கு அக்காவின் கடிதத்தை முழுவதும் மொழிபெயர்த்து அனுப்பினேன், மீன் முள் உட்பட. கோப்பில் இருக்கும் வரியைப் பற்றியும் எழுதினேன். அவர் புராஜெக்ட் மேனேஜரைப் பிடித்திருக்கவேண்டும். சில வாரங்களில் துபாய்க்கு ஒரு கடிதம் வந்தது. கம்பெனியின் தாளில், கம்பெனியின் முத்திரையோடு. குறிப்பிட்ட பொருள் களவு போகவில்லை, இந்தப் பெண்மணி அதைத் தன் பொறுப்பில் பாதுகாத்து உரியவரிடம் சேர்ப்பித்தார், அவர்மீது எழுதப்பட்ட சந்தேகக் குறிப்பு தவறானது, அது நீக்கப்பட்டது, அவருக்கு நேர்ந்த அவமதிப்புக்குக் கம்பெனி வருந்துகிறது. கீழே புராஜெக்ட் மேனேஜரின் கையெழுத்து. அதற்கும் கீழே, சிவப்பில், ஜப்பானியர்கள் கையெழுத்துக்குப் பதிலாகப் பதிக்கும் பெயர் முத்திரை, சீஃபுடையது. இடது கையால் அவரே பதித்தாராம், சற்றுச் சாய்ந்திருந்தது.

பதிவுத் தபாலில் தோட்டத்துக்கு அனுப்பினேன். கூடவே அதன் தமிழாக்கம் ஒன்றையும் என் கையெழுத்தில் எழுதி வைத்தேன்.

அக்கா அதற்குப்பின் வெளிநாடு போகவில்லை. போக விரும்பவில்லை என்று மகள் எழுதினாள். நின்றுபோன சம்பந்தம் திரும்பி வரவில்லை. அடுத்த ஆண்டு வேறு இடத்தில் முடிந்தது, கல்யாணப் பத்திரிகை எங்களுக்கு வந்தது. சீஃப் அந்த முத்திரையைப் பதித்து இரண்டு ஆண்டுகளில் இறந்துவிட்டார். இப்போது எனக்கு எழுபது வயது. மனைவியும் நானும் ஸ்ரீரங்கத்தில் இருக்கிறோம். அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்ததும் அக்கா எழுதச் சொன்ன பதில் மட்டும் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. தோட்டத்தில் காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்க எல்லோரும் கூடி நிற்பதைப் பிரட்டு என்பார்கள். கங்காணி, கணக்கப்பிள்ளை, கொழுந்து பறிக்கும் பெண்கள், ஆண்கள், மொத்தப் பிரிவும் அங்கே வந்தாக வேண்டும். அவள் எழுதச் சொன்னது இதுதான்:

"கடுதாசி வந்துச்சு தம்பி. வீட்டுக்குள்ள வச்சு என்ன செய்யிறது? பெரட்டுக்குக் கொண்டு போனேன். கணக்கப்பிள்ளையக் கெஞ்சிக் கேட்டேன், வாசிச்சாரு. இங்கிலீசுல ஒரு தடவ, நீங்க எழுதினதத் தமிழ்ல ஒரு தடவ. நல்ல மழை. ஒருத்தரும் அசையல."